கறுப்புப் பலகையும் காப்பாட்சியரும்

அருங்காட்சியகம் என்பது காலத்தால் பழையதாகிப் போனவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, அவற்றின் முன்னால் மக்களைக் குரல் தாழ்த்தி நடக்கச் செய்யும் நிறுவனம். எதிர்காலத்தைக் காட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட திரைப்படம் ஒன்று அந்தப் பேழைக்குள் வந்து சேரும்போது, காப்பாட்சியர், அதாவது காட்சிப்பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பேணி விளக்கும் பொறுப்புடைய அலுவலர், படும் சங்கடங்கள் தனி ஆய்வுக்கு உரியவை. இதற்கு ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968 ஏப்ரலில் வெளியான அப்படத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 2018இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத் திரைப்பட அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியை அமைத்தது. அது 2020 ஜனவரியில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலுள்ள ‘மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜ்’ கூடத்துக்கு வந்தது. அதற்குள் 2001 என்ற எதிர்காலம் முடிந்தே பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் பயணிகளை விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் பான் ஆம் நிறுவனமோ அந்த ஆண்டு வரும்வரைகூடக் காத்திராமல் 1991லேயே மூடப்பட்டிருந்தது.

காப்பாட்சியரின் முதல் துன்பம், காட்சிக்கு வைப்பதற்குப் பொருள் இல்லை என்பது. தம் படத்துக்காகச் செய்யப்பட்ட அரங்குகளும் விண்கல மாதிரிகளும், அதாவது படப்பிடிப்புக்கென அளவு குறைத்துச் செய்த உருவங்களும், பிறர் எடுக்கும் மலிவான படங்களில் தலைகாட்டிவிடக் கூடாது என்று கருதிய குப்ரிக், அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடச் செய்தார். சுமார் 16 மீட்டர் நீளமிருந்த ‘டிஸ்கவரி’ விண்கலத்தின் மாதிரியும் அவ்வாறே போயிற்று. 1984இல் இப்படத்தின் தொடர்ச்சியான ‘2010’ஐ எடுக்க வந்தவர்கள், பழைய படச்சுருளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அந்தக் கலத்தைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. படத்தில் எலும்பிலிருந்து விண்கலத்துக்கு நாலு மில்லியன் ஆண்டுகளை ஒரே வெட்டில் தாண்டிய இயக்குநருக்கு, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு காப்பாட்சியர் பட்டியலும் கையுமாக வந்து நிற்பார் என்று தோன்றாமல் போனதே வியப்பு.

இருப்பினும் சில பொருள்கள் தப்பின. படத்தில் இசைக்கேற்பச் சுழன்ற விண்வெளி நிலையத்தின் மாதிரி, சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்டீவனேஜ் ஊருக்கு அருகே ஒரு குப்பைமேட்டில் கிடந்ததாகப் பதிவு உண்டு. அதைத் தப்பியது என்று சொல்வதா, மாட்டிக்கொண்டது என்று சொல்வதா என்பது விவாதத்துக்குரியது. நிலவில் இறங்கும் ‘ஏரிஸ் 1பி’ என்ற உருண்டைக் கலமோ ஒரு தனியாரின் வீட்டில் பல்லாண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, 2015 மார்ச்சில் ஏலத்துக்கு வந்து, 3,44,000 டாலருக்கு ஆஸ்கர் விருதை வழங்கும் அகாதமியின் கைக்குப் போயிற்று. அழிக்கச் சொன்னதை ஒழுங்காக அழித்திருந்தால் இந்தச் செலவு அகாதமிக்கு மிச்சமாகியிருக்கும்.

இவ்வாறான பற்றாக்குறையில் காப்பாட்சியருக்குக் கைகொடுப்பவை நாற்காலிகள். விண்வெளி நிலையத்தின் வெள்ளைக் கூடத்தில் சிவப்பாக அலைந்து கிடக்கும் ‘ஜின்’ இருக்கைகள் படத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஒலிவியே முர்க் 1960களின் நடுவில் விற்பனைக்கென்று வடிவமைத்தவை. விண்வெளி வீரர்கள் உணவுக்குப் பயன்படுத்தும் கரண்டியும் முட்கரண்டியும் டென்மார்க்கின் ஆர்னே யாக்கப்சன் 1957இல் வடிவமைத்தவை, இன்றும் கடையில் கிடைப்பவை. ஆகவே கண்ணாடிப் பேழைக்குள் தனி விளக்கொளியில், விளக்கப்பலகையும் காவலரும் புடைசூழ வீற்றிருக்கும் கரண்டியை, அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர் வீட்டுக்குப் போய்க் கழுவி வைக்க வேண்டிய நிலையும் ஏற்படக்கூடும்.

எல்லாவற்றினும் பெரிய சோதனை மோனோலித். படத்தில் வேற்றுலக அறிவின் அடையாளமாக நிற்கும், எழுத்தோ குறியோ இல்லாத கறுப்புச் செவ்வகப் பலகையே மோனோலித் எனப்படுவது. முதலில் இதை ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் செய்ய எண்ணி, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரே பாளத்தை வார்த்தெடுத்தார்கள். அது கேமராவின் முன்னே வெறும் கண்ணாடித் துண்டாகத் தெரிந்ததால், இயக்குநர் அதை ஒதுக்கிவிட்டு மரத்தில் கறுப்பு பூசிய பலகைக்கு மாறினார். ஒதுக்கப்பட்ட பாளம் சும்மா இருக்கவில்லை. சிற்பி ஆர்தர் ஃபிளைஷ்மன் அதைச் செதுக்கி, 1977இல் எலிசபெத் அரசியின் வெள்ளி விழாவுக்கென ஒரு மகுடமாக்கினார்; மனிதக் குரங்குகளுக்கு அறிவூட்டப் போதாது என்று கழிக்கப்பட்ட பொருள், லண்டன் துறைமுகத்தில் முடியாட்சியின் சின்னமாயிற்று. இது பற்றிக் கருத்துச் சொல்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காட்சிக்கு நிறுத்தப்படும் மோனோலித்தில் அசலுக்கும் நகலுக்கும் வேறுபாடு காண வழியில்லை. கறுப்பாக, வழவழப்பாக, மௌனமாக இருந்தால் போதும் என்பதால், நல்ல தச்சர் ஒருவர் ஒரு வாரத்தில் முடித்துத் தரக்கூடிய வேலை அது. சிக்கல் பலகையில் இல்லை, அதன் பக்கத்தில் வைக்கப்படும் ‘தொடாதீர்கள்’ என்ற அறிவிப்பில் இருக்கிறது. படத்தின்படி, குரங்கு ஒன்று தயங்கித் தயங்கிக் கை நீட்டி அப்பலகையைத் தொட்ட பிறகே எலும்பு ஆயுதமாயிற்று, ஆயுதம் விண்கலமாயிற்று, மானுட நாகரிகம் முழுவதும் நடந்தேறியது. அந்த நிலத்தில் சீருடைக் காவலர் ஒருவர் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அருங்காட்சியகம் கட்டும் அளவுக்கு அறிவு வளர்ந்த இனமும் தோன்றியிராது. இருந்தும் அறிவிப்பு தேவைதான். கறுப்புப் பூச்சில் விரல் ரேகை வெள்ளையாய்த் தெரியும். மாலையில் கதவடைக்கும் நேரத்தில் பார்த்தால், ஏறத்தாழ ஒரு பள்ளிச் சிறுவனின் தோள் உயரத்தில் மட்டும் பலகை மங்கியிருக்கும்.

காப்பாட்சியர்கள் உயிரைக் கொடுத்து எழுதும் விளக்கப்பலகைகளை நின்று படிப்பவர் குறைவு என்பது தொழிலறிந்தோர் கூறுவது. இப்படத்தின் பொருள் ஒன்று மட்டும் இதற்கு விதிவிலக்கு. நிலவுக்குச் செல்லும் கலத்தில், எடையற்ற நிலையில் கழிப்பறையைப் பயன்படுத்தும் முறையை எண்ணிட்டு விவரிக்கும் நீண்ட அறிவிப்பு ஒன்றின் முன்னே, விஞ்ஞானி ஃபிளாய்ட் முகம் கவலையில் சுருங்க நின்று படிப்பார். படத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரே நகைச்சுவை அதுதான் என்பார்கள். அந்த அறிவிப்பை எங்கே மாட்டினாலும் பார்வையாளர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஃபிளாய்டுக்கு இருந்த அதே முகத்தோடு படிக்கிறார். ஆகவே மக்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்வது அநியாயம். அவசரத் தேவை இருந்தால் படிக்கிறார்கள்.

கடிதங்களின் நிலை வேறு. 1964 மார்ச் இறுதியில் குப்ரிக் அப்போதைய சிலோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1956 முதல் அங்கேயே குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு அது போய்ச் சேர்ந்ததன் விளைவே இந்தப் படமும் அதே பெயருடைய நாவலும். இவ்வளவு முக்கியமான காகிதங்களை எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் வைக்கிறார்கள். ஆனால் காகிதத்தின் மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழக் கூடாது என்பது பேணலின் நெறி. லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு. அந்த அளவில், மூக்குக் கண்ணாடி அணிந்த ஒருவர் தட்டச்சு எழுத்துகளைக் கண்டறிய இடுப்பை வளைத்துப் பேழையில் நெற்றியை முட்ட வேண்டியிருக்கும். எதிர்கால வாசகருக்காகக் கடிதம் காக்கப்படுகிறது. நிகழ்கால வாசகர் அதற்காகத் தியாகம் செய்கிறார். கொழும்பிலேயே 2008இல் காலமான கிளார்க், இந்த ஏற்பாட்டை ரசித்திருப்பார் என்று எண்ண இடமுண்டு. அப்படம் வெளியான ஆண்டின் ஒப்பனைக்கான சிறப்பு ஆஸ்கர், குரங்குகள் உலவும் வேறொரு படத்துக்குப் போனபோது, ‘2001’இன் குரங்குகள் நடிகர்கள் என்பதே நடுவர்களுக்குத் தெரியவில்லை போலும் என்று சொன்னவர் அவர்.

பொருளே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வாஷிங்டனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் 2018இல் ஒரு விடை தந்தது. படத்தின் இறுதியில் வீரர் முதுமை எய்தும் அந்த ஒளிரும் தரையுடைய படுக்கையறையைக் கலைஞர் சைமன் பர்ச் முழு அளவில் மறுபடி கட்டியிருந்தார். அதை அந்த அருங்காட்சியகம் சில வாரங்களுக்குக் காட்சிக்கு வைத்தது. எதற்காக அந்த அறை என்று படம் சொல்லவில்லை, அருங்காட்சியகமும் சொல்லவில்லை. மக்கள் உள்ளே போய், சுற்றிப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, புரிந்த பாவனையுடன் வெளியே வந்தார்கள். படத்தை 1968இல் பார்த்தவர்களும் ஏறத்தாழ இதையே செய்தார்கள்; புகைப்படம் ஒன்றுதான் புதிது.

குயின்ஸ் கண்காட்சிக்கு வேறு விதி காத்திருந்தது. திறந்த இரண்டே மாதத்தில், 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் நகரமே மூடப்பட்டது. மூடிய அறைக்குள் உட்கார்ந்து, திரையில் தெரியும் குடும்பத்தாரோடு பேசி, பொட்டலத்தில் வந்ததைச் சாப்பிட்டு, கணினி சொல்வதை நம்பலாமா கூடாதா என்று குழம்பும் வாழ்க்கையைக் காட்டும் பொருள்கள், பார்க்க ஆளில்லாமல் இருட்டில் கிடந்தன. பார்வையாளர்களோ அதே வாழ்க்கையை நுழைவுச் சீட்டு இல்லாமலே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இத்தகைய கண்காட்சிக்குச் செல்ல வாய்ப்புள்ளோர் படத்தை முதலில் பெரிய திரையில், இயலுமானால் 70 மி.மீ. படச்சுருளில், பார்த்துவிட்டுப் போவது நலம். இல்லையேல் நாற்காலியைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். இடைவேளை உண்டு.