பூமி நகர்வதை அளக்கச் சில யோசனைகள்

மேலநீலிதநல்லூரில் இருந்தபடியே பூமியின் பிளவு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க ஆசைப்படும் அண்ணாச்சிகளே, முதல் வேலையாக ஒரு குகை பாருங்கள். மழைநீர் லட்சக்கணக்கான வருஷம் கரைத்துக் குடைந்த சுண்ணாம்புப் பாறைக் குகை என்றால் உத்தமம். நம் பக்கத்துப் பாறை மழைக்கு அசைந்துகொடுக்காது. தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் உண்டு, அது குகையாகுமுன் சிமெண்டாகிவிடுகிறது. பிளவுக்குப் பஞ்சமில்லை, மேற்கே அச்சன்கோவில் வழியாக 50 கோடி வருஷத்துக்கு முந்தைய பிளவு மண்டலமே ஓடுகிறது.

குகை அமையாவிட்டால் வீட்டுச் சுவர் விரிசல் போதாதா என்பார் கொத்தனார். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டுவார். ஒட்டட்டும். ஒருநாள் அது உடையும். உடனே டிவிக்காரர்களுக்குப் போன் போட வேண்டாம். கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும், அஸ்திவாரமும் கூடவே ஆடும். வெயில் வேறு. ஒரு மீட்டர் இரும்புக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். சில பிளவுகள் வருஷம் முழுக்க நகர்வதே அவ்வளவுதான். காலைக் காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் நம்மூர் வெயில் பத்து வருஷ நகர்வைக் காட்டிவிடும்.

வெப்பம் அதிகம் மாறாத குகையைத் தேடச் சொன்னது இதற்குத்தான். ஸ்லோவேனியாவின் போஸ்தொய்னா குகையில் 2004 முதல் அளக்கிறார்கள். செக் நாட்டுக்காரர்கள் வடிவமைத்த டிஎம்-71 என்ற கருவி. பிளவின் இரு பக்கப் பாறையிலும் ஆளுக்கொரு கையை ஊன்றி, நடுவில் நுண்கோடுகள் போட்ட கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியிருக்கும். இரண்டு கொசுவலையைச் சேர்த்துப் பிடித்தால் அலையலையாகத் தெரியுமே, அதே சங்கதி. பாறை துளி நகர்ந்தாலும் அலை மாறும். அதை எண்ணி மூன்று திசையிலும் கணக்குப் போடலாம். கோடுகளைப் படம்பிடித்து வந்தால் போதும். கருவிக்குக் கரண்டு தேவையில்லை என்பதால் நம்மூருக்கும் ஏற்றது. போய்வர அலைச்சலும் இல்லை: அந்தக் குகைக்குள் 1872-லேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள்.

பலன்? சில வருஷம் காத்திருந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. இடையில் சின்னச் சின்னத் துள்ளல்கள். சிலது அக்கம்பக்கத்து நிலநடுக்கங்களை ஒட்டி வந்தவை. அதை வைத்து ஜோசியம் சொல்லக் கூடாது. சொல்ல நம்மூரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

குகை கிடைக்கிறவரை, மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்காமல் வீட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். ஐப்பசி பிறக்குமுன் முடித்துவிடுங்கள். அடைமழையில் கரிசலில் மண்வெட்டி போட முடியாது.