பத்தரைப் பவுன்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் பரண் ஒரு பெரிய சௌகரியம். வேண்டாத சாமானைத் தூக்கி மேலே போட்டுவிட்டால், அடுத்த தலைமுறை வந்துதான் இறக்கவேண்டும். எங்காத்துப் பரணிலிருந்து வருஷா வருஷம் இறங்குவது கொலுப் பெட்டிகள் மட்டும்தான். மகாளய அமாவாசையன்று தர்ப்பணம் முடிந்து, சாப்பாடு முடிந்து, சித்த கண் அசரலாமா என்று திண்டை எடுக்கிற நேரத்தில் ஆத்துக்காரி ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்ப்பாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சாய்ப்பதோடு சரி.

இந்தத் தடவை ஏணியில் ஏறி, ‘தசாவதாரம்’ என்று எழுதியிருந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டேன். நரசிம்மர் சீறினார்.

ஏறும்போது படிப்படியாக ஏறியது ஞாபகம் இருக்கிறது. இறங்கியபோது படிகளை உபயோகித்ததாக ஞாபகம் இல்லை. கீழே உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த என்னைத் தாண்டிக்கொண்டு ஆத்துக்காரி மேலே ஏறினாள். எட்டிப் பார்த்தாள். “பூனை குட்டி போட்டிருக்கு. நாலு. நரசிம்மரைச் சுத்தி வெச்சிருந்த வேஷ்டியை அவிழ்த்து விரிச்சுண்டு படுத்திருக்கு, சமத்து” என்றாள். சமத்து என்றது பூனையை.

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். முதல் மாற்றல் உத்தரவை நாங்கள் கொடுத்துவிட்டோம். கருவூலத்தில் உத்தியோகம் பார்த்து ஊர் ஊராக மாற்றலாகிப் போனவன் நான். சாமானையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஏதாவது ஒன்று பழைய வீட்டிலேயே தங்கியிருக்கும் என்பது அனுபவத்தில் தெரியும். பூனையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு சுவரேறிப் பக்கத்தாத்து மோட்டார் ரூமுக்குக் குடிபோயிற்று. மூன்று போயின. நாலாவது, இருப்பதிலேயே சின்னது, செம்பட்டையாக ஒன்று, நரசிம்மர் வேஷ்டியிலேயே கிடந்தது. விளக்கேற்றும் நேரத்துக்குத் தாய் ஒரு நடை வந்தது. மோந்து பார்த்தது. வந்த வழியே போய்விட்டது.

“மனுஷா கை பட்டா தாய் சேர்த்துக்காது” என்று எதிராத்து மாமி தீர்ப்பு சொன்னாள். இருட்டுவதற்குள் வீதி முழுக்க நான்தான் கை வைத்தவன் என்றாகிவிட்டது. நான் கை வைத்தது நரசிம்மர் மேல் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

பக்கத்தாத்து மாமா அதோடு விடவில்லை. அவர் வடகலை, நாங்கள் தென்கலை. குட்டி ஒன்றுமே செய்யவேண்டாம், தாய்ப்பூனை தானே வந்து கவ்விக்கொண்டு போகும், பகவானும் அப்படித்தான் என்பது எங்கள் கட்சி, மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தாயைத் தானும் இறுகப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஜீவனும் தன் பங்குக்குப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்பது அவர்கள் கட்சி, மர்க்கட நியாயம். பல நூறு வருஷத்து வழக்கு. மாமா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்ன ஓய், உம்ம சித்தாந்தம் ஒண்ணைக் கீழே போட்டுட்டுப் போயிடுத்தே?” என்றார்.

சம்பிரதாயத்தின் மானமே என் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது. குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினேன்.

மனுஷர் பொறுமைசாலி. கை பட்டதெல்லாம் காரணமில்லை, வீட்டோடு பழகிய பூனை மனுஷ வாசனைக்காகக் குட்டியைத் தள்ளாது என்றார். குட்டி நோஞ்சான்; உடம்பு சில்லிட்டுவிட்டது. சில்லிட்ட குட்டி பிழைக்காது என்று தாய் கணக்குப் போட்டுவிடும்; இருக்கிற பாலை மற்றதுகளுக்குக் கொடுக்கும். “முதல்ல சூடு சார், அப்புறம்தான் பால். குளிர்ந்த வயித்துல பால் போனா செரிக்காது. மல்லாக்கப் போட்டு ஊட்டாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். குப்புறப் படுக்க வெச்சு, தலையை மட்டும் லேசாத் தூக்கி, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டா. ரெண்டு மணிக்கு ஒருதரம். ராத்திரியும்தான். பசும்பால் வேண்டாம், பேதியாகும்; பூனைக்குட்டிக்குன்னே பவுடர் விக்குது. தினம் எடை பாருங்க. பிறந்த குட்டி நூறு கிராம் சுமாருக்கு இருக்கணும். தினம் பத்து கிராமாவது ஏறணும்.” இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எடைக்கு எங்கே போவது? காய்கறி வண்டிக்காரரிடம் இருக்கிற மிகச் சின்னப் படிக்கல்லே குட்டியை விடப் பெரிசு. யோசித்துப் பார்த்ததில் துல்லியமான தராசு வீதிமுனை அடகுக்கடையில்தான் இருந்தது. அங்கே இரண்டு பெண்கள் சங்கிலியை மீட்க உட்கார்ந்திருந்தார்கள். நான் பனியனுக்குள் கையை விட்டு மூட்டையை எடுத்தபோது கடைக்காரர் தொழில் மரியாதையுடன் எழுந்து நின்றார். துண்டைப் பிரித்தேன். அவர் உட்கார்ந்தார்.

ஆனாலும் நல்ல மனுஷர். தட்டில் குட்டி நெளிந்ததில் சிவப்பு எண்கள் மேலும் கீழும் ஓட, அது அலுத்துப்போய்ப் படுக்கிறவரை காத்திருந்தார். “எண்பத்து நாலு கிராம்.” பழக்க தோஷத்தில் விரல்கள் கால்குலேட்டரைத் தட்டின. “பத்தரைப் பவுன், சாமி. பத்தரை மாத்துத் தங்கம்!”

பெயர் நிலைத்துவிட்டது. குட்டிக்குப் பத்தரை என்றே பெயர். வேறு எந்த ரூபத்திலும் என்னிடம் பத்தரைப் பவுன் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

பவுடர் டின் தில்லைநகரில்தான் கிடைக்கும் என்றார்கள். அது வருவதற்குள் ஆத்துக்காரிக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பெண்ணுக்குப் புகட்டிய வெள்ளிப் பாலாடையைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவந்து, கறந்த பசும்பாலில் நாலு சொட்டு விட்டாள். டாக்டர் வேண்டாமென்று சொன்னாரே என்றேன். “டாக்டர் எத்தனை குழந்தை வளர்த்திருக்கார்?” என்றாள். ராத்திரி பேதி கண்டது. மறுநாள் தராசில் எண்பது கிராம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அரைப் பவுன் சேதாரம் போயிடுச்சே, சாமி” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சங்கிலி மீட்க வந்த பெண்கள் வாயில்லாதவர்கள் அல்ல. நான் அடகுக்கடைக்குத் தினம் போய்வருவதும், பத்தரைப் பவுன் என்கிற எண்ணும், சேதாரமும் சேர்ந்து நாலு கைமாறி, “கருவூலத்து மாமா ஆத்து நகையையெல்லாம் வெச்சுட்டாராம்” என்று முடிந்தது. இது எனக்கு எட்டுவதற்குள் ஆத்துக்காரி அலமாரியைத் திறந்து வளையல்களை எண்ணிப் பார்த்துவிட்டாள். சந்தேகம் இல்லையாம். சும்மா எண்ணினாளாம்.

ராத்திரிதான் கொடுமை. இரண்டு மணிக்கு ஒருதரம் அடிக்கிற மாதிரி கைபேசியில் அலாரம் வைத்தேன். அலாரத்தின் பாட்டை மாற்றத் தெரியாததால், பெண் எப்போதோ வைத்துக்கொடுத்த எம்.எஸ். சுப்ரபாதம் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் கணீரென்று கேட்டது. எதிராத்து மாமி விடிந்துவிட்டது என்று எழுந்து குளித்து, வாசல் தெளித்து, கோலமும் போட்டுவிட்டுத்தான் மணியைப் பார்த்தாளாம். அப்புறம் மாமி என்னோடு பேசவில்லை. மாமாதான் பேசினார். மாமி பேசியிருக்கலாம்.

சரி, டாக்டர் கடைசியாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கிக்கொடுத்தால்தான் வரும். தாய் இல்லாவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தில் மெல்ல மெல்லத் தடவவேண்டும். சுமார் மூன்று வாரம் வரைக்கும் இப்படித்தான். லட்சக்கணக்கில் பில் பாஸ் பண்ணிய கை சார், இது. ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்த பிறகு, கூடத்து மூலையில் குனிந்து, பஞ்சும் கையுமாக, ஒரு சொட்டுக்காக அரங்கனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சமையலறையிலிருந்து கேள்வி வரும்: “ஏன்னா, வந்துடுத்தா?”

இந்த நிலைமையில்தான் சம்பந்தி வந்து சேர்ந்தார்கள். கொலு பார்க்க என்று சொன்னார்கள். ஆனால் மாமியின் கண் கொலுப்படியில் நிற்காமல் ஆத்துக்காரியின் கழுத்திலும் கையிலுமே சுற்றியது. சம்பந்தி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“பத்தரைப் பவுன்னு கேள்விப்பட்டோம்.”

வெளியூர் மனுஷர் இவ்வளவு அக்கறையாகக் குட்டியை விசாரிக்கிறாரே என்று எனக்கு நெகிழ்ந்துவிட்டது. “என்ன பண்றது? தாயாரே கைவிட்டுட்டா. நான்தான் ராத்திரியெல்லாம் கண் முழிக்கறேன்” என்றேன். ஸ்ரீரங்கத்தில் தாயார் என்றால் ரங்கநாயகித் தாயார்தான். சம்பந்தி மாமா கோபுரம் இருக்கிற திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“மொத்தமும் முழுகிடலையே?”

“இல்லையில்லை. அரைப் பவுன் போச்சு, திரும்ப ஏறிண்டிருக்கு. பன்னிரண்டு ஆயாச்சு.”

“பன்னிரண்டா! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கிற்று. அந்த நேரம் பார்த்து சுப்ரபாதம் அடித்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பால் ஆயிற்று, பஞ்சை எடுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் வராமல் கவலையாக இருந்த சமயம். திடீரென்று விரலில் வெதுவெதுவென்று பட்டதும் என்னையறியாமல், “வந்துடுத்து! வந்துடுத்து!” என்று கத்திவிட்டேன்.

பிறகு சம்பந்திகளுக்கு ஆத்துக்காரிதான் எல்லாவற்றையும் விளக்கினாள். எந்த வரிசையில் விளக்கினாள் என்று தெரியவில்லை. காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தாய் பக்கத்திலேயே இருக்கிறது, பாலும் சுரக்கிறது. குட்டி கொஞ்சம் தேறினதும் சேர்த்துவைக்கப் பாருங்கள், உங்கள் பாலைவிட அது ஆயிரம் மடங்கு மேல் என்றார். மற்றக் குட்டிகள் படுத்திருக்கும் துணியால் இதைத் தடவி, அந்த வாசனை ஏற்றி, உடம்பைச் சூடாக்கி, அரை வயிற்றோடு பக்கத்தில் விடவேண்டும். அப்படியே செய்தேன். பக்கத்தாத்து மோட்டார் ரூமில் தவழ்ந்து போய் விட்டேன். தாய் அதைக் கவ்விக்கொண்டு நேரே எங்காத்துத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிற்று, தப்பு முகவரிக்கு வந்த தபாலாக. அடுத்த தடவை என்னைப் பார்த்துச் சீறியது. அதற்கடுத்த தடவை குட்டியின் தலையில் ஒரே ஒரு நக்கு நக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பக்கத்தாத்து மாமா ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்து ஒத்தாசை பண்ணினார். வாயையும் சும்மா வைத்திருக்கவில்லை.

லஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்காத்தில் மீனுக்கு எங்கே போக? அக்காரவடிசலை நெய் ஒழுகக் கொண்டுபோய் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெங்களூரிலிருந்து பெண் போனில் சிரித்தாள்: பூனைக்கு இனிப்பு என்கிற ருசியே தெரியாதாம், அதை உணர்கிற மரபணு அந்த ஜாதிக்கு வேலை செய்வதில்லை என்று 2005லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். எனக்கு யார் சொன்னார்கள்?

சரஸ்வதி பூஜை சாயந்திரம். கூடம் நிறைய மாமிகள். சுண்டல் கிண்ணங்கள். யாரோ ஒரு மாமி சுருதி சேராத உருப்படி ஒன்றை விடாப்பிடியாகப் பாடிக்கொண்டிருந்தாள். நான் பனியனுக்குள் பத்தரையை வைத்து, மேலே அங்கவஸ்திரத்தால் மூடி, தூணோரம் தரையில் சம்மணமிட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு கண் பாதி திறந்திருந்தது. உள்ளே மங்கலான நீலம். அந்தப் பாதிக் கண்ணால் உலகத்தில் அது முதலில் பார்த்தது என் நெஞ்சு மயிரை. உடனே அழ ஆரம்பித்துவிட்டது.

குட்டியா அது? பதினெட்டுப் பவுன் தொண்டை! பாடுகிற மாமி நிறுத்திவிட்டாள். முற்றத்தின் வழியாகத் தாய் வந்தது. பட்டுப்புடவைகளின் நடுவே ஒருத்தரையும் லட்சியம் பண்ணாமல் நடந்துவந்து என் மடியில் முன்கால் இரண்டையும் ஊன்றி, அங்கவஸ்திரத்துக்குள் தலையை விட்டது. நான் அசையவில்லை. பயம்தான். குட்டியின் பிடரியைக் கவ்வி இழுத்தது. வரவில்லை. அந்த வயசில் குட்டிக்கு நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியாது. நாலு காலின் நகமும் பனியனில் கொக்கியாக மாட்டிக்கொண்டிருந்தது. தாய் இழுக்கிறது, குட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. தாய் பின்னங்காலை என் தொடையில் உதைத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுக்கிறது.

“பிடிச்சுண்டிருக்கு பாரும் ஓய்! மர்க்கட நியாயம்!” என்று வாசல்படியில் நின்றிருந்த மாமா கூவினார்.

“கவ்விண்டு போறா பாரும்! மார்ஜாரம்!” என்று நான் கூவினேன்.

டர்ரென்று கேட்டது. பனியன் கழுத்திலிருந்து வயிறு வரை இரண்டானது. அதுவரை நுனி நகத்தில் தொங்கிய குட்டி, பிடரி தாயின் வாய்க்குள் சரியாகப் போனதும் காலைச் சுருட்டிக்கொண்டு பொம்மையாகிவிட்டது. நகத்தோடு பனியனில் ஒரு துண்டும் போயிற்று. முற்றம், சுவர், மோட்டார் ரூம். மாமா டார்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, நாலும் வரிசையாகப் பால் குடிக்கிறது என்றார். யார் கட்சி ஜெயித்தது என்பதில் மட்டும் இன்னும் முடிவில்லை. கூடத்தில் மாமிகள் யாரும் என்னைப் பார்க்காமல் சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை பனியனோடு நிற்கிற மனுஷனைப் பார்ப்பது நவராத்திரி சம்பிரதாயத்தில் இல்லை.

விஜயதசமியன்று வீதிமுனையில் அடகுக்கடைக்காரர் கூப்பிட்டார். “என்ன சாமி, இன்னிக்கு எடை போட வரலை?”

“இல்லை. உடையவளே வந்து மீட்டுண்டு போயிட்டா.”

“சந்தோஷம். வட்டி ஏதும் கட்டினாளா?”

“கட்டினா. காலம்பர வாசல் கோலத்து நடுவிலே ஒரு எலியை வெச்சுட்டுப் போயிருக்கா. ஆத்துக்காரி வாளித் தண்ணியோட இன்னும் அங்கேயே நின்னுண்டிருக்கா. அதான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.”

“முழு எலியா?”

“பாதி.”

கடைக்காரர் யோசித்தார். “சேதாரம் போக, கணக்கு சரியாத்தான் இருக்கு, சாமி.”