அசைக்க முடியாத விசுவாசி

ஆவிக்குரிய வளர்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் உங்களைத்தான் கைகாட்டுவேன் அண்ணாச்சி. வாலிபர் சங்கத்தில் தபேலா தட்டிக்கொண்டிருந்தவர் சேகரக் கமிட்டிக்கு வந்தீர்கள். அங்கிருந்து திருமண்டலப் பெருமன்றத்துக்கு. கோயிலிலும் அப்படித்தான். பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்து, இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் உங்களுக்கென்று தனி நாற்காலியே விழுந்துவிட்டது. கிருபைமேல் கிருபை.

சாட்சி சொல்வதில் உங்களுக்கு இணை கிடையாது. இரட்சிக்கப்பட்ட தேதி, கன்வென்ஷன் பந்தலில் எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது வரை உங்களுக்கு மனப்பாடம். எங்களுக்கும் மனப்பாடம். குடியை விட்டீர்கள், பீடியை விட்டீர்கள், சினிமாவை விட்டீர்கள். ஒவ்வொன்றாக நீங்கள் எண்ணிச் சொல்லும்போது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். விடாதவற்றைச் சொல்லிச் சபையின் நேரத்தை வீணாக்கும் கெட்ட பழக்கம் உங்களிடம் அறவே இல்லை.

வேதவாசிப்பும் அப்படியே. உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 வசனமும் ஆசீர்வாதம். 15லிருந்து கடைசிவரை சாபம். நீங்கள் பதினான்கில் வேதத்தை மூடி, கண்ணையும் மூடி, ஆமென் சொல்லிவிடுவீர்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிவதும் ஒரு வரம்தானே. புது வருஷத்து வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போதும் பார்த்திருக்கிறேன். முதலில் வந்தது பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். அதை மெல்லத் தட்டிலேயே நழுவவிட்டு, அடுத்ததை உருவினீர்கள். செழிப்பு வந்தது. சட்டைப்பையில் வைத்தீர்கள். கண்டிக்கிற வசனத்தை அட்டையாக அச்சடிக்க எந்த அச்சகத்துக்கும் இதுவரை தோன்றாததும் உங்கள் ஜெபத்தின் பலன்தான் போலும்.

லெந்து நாட்களில் நீங்கள் கறி, மீன் தொடுவதில்லை. ஊரே அறியும், அறியும்படி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த நாற்பது நாளும் மதினிக்கு அடுப்படியில் இரட்டை வேலை. உங்களுக்குத் தனிக் குழம்பு, தனிக் கூட்டு, பத்தியக்காரருக்குப் போல. கூட்டில் ஒரு கல் உப்பு கூடிவிட்டால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். சிதறிய சோற்றை மதினி குனிந்து அள்ளிக்கொண்டிருக்க, நீங்கள் கைகழுவிவிட்டு லெந்து கூட்டத்துக்குக் கிளம்புவீர்கள். அன்றைய தியானம் சாந்தகுணம். பேசுகிறவரும் நீங்கள்தான்.

நீடிய பொறுமையை நாங்கள் உங்களிடம்தான் கற்றுக்கொண்டோம். சேகரத் தேர்தல் வழக்கை முன்சீப் கோர்ட்டில் தொடங்கி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை கொண்டுபோயிருக்கிறீர்களே, வாய்தாவுக்கு வாய்தா முகம் சுளிக்காமல்! சகோதரன்மேல் சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கடிந்து எழுதியிருக்கிறார் என்று உபதேசியார் ஒருமுறை மெல்ல எடுத்துச் சொன்னார். அது கொரிந்து சபைக்கு எழுதியது, நம் சேகரம் அதில் வராது என்றீர்கள். வேத ஞானம் என்றால் இதுவல்லவா.

உங்கள் மகனுக்குப் பெண் தேடிக் கொடுத்த விளம்பரத்தையும் படித்தேன். மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஜெபவீரப் பெண் தேவை என்று இருந்தது. அடுத்த வரியில் சாதி. மறுபடியும் பிறந்தாலும் அதே சாதியில்தான் பிறக்க வேண்டும் என்ற இந்த நுணுக்கம், ராத்திரியில் இயேசுவைத் தேடிப்போய் மறுபிறப்பைப் பற்றி விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்த நிக்கொதேமுவுக்குத் தெரியாமல் போயிற்றே! வரதட்சணை வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டீர்கள். பெண் வீட்டார் தங்கள் பிள்ளைக்கு ஆசையாகப் போடுகிற நகையைத் தடுக்க நாம் யார்? அந்த ஆசை எத்தனை பவுன் என்பதை மட்டும் தரகர் மூலம் தெரிவித்தீர்கள்.

சாதி விஷயத்தில் இந்த உறுதி நேற்று வந்ததல்ல, பரம்பரைச் சொத்து. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கத்தோலிக்கரும் இளைத்தவர்கள் அல்ல. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலுக்குப் பீடம் ஒன்று, சாதியைப் பிரிக்க மண்டபம் இரண்டு, நடுவே தடுப்பு. ஒரே திருப்பலி, ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை. 1910இல் தடுப்பை இடித்ததும் மேல்சாதியார் பொறுக்காமல் கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள். நீங்கள் அவர்களைவிட ஒரு படி மேல். சுவரே இல்லாமல் பிரித்து உட்கார வைக்கிறீர்கள். இடிக்க வருகிறவனுக்கு எதை இடிப்பது என்றே தெரியாது.

உங்களோடு ஒப்பிட்டால் எரிகோ ஊர்ச் சகேயு ரொம்பவும் அவசரக்காரர். வரி வசூலிப்பவர்களுக்கெல்லாம் தலைவர், பெரிய பணக்காரர். மனிதர் ஒரு கன்வென்ஷனுக்குப் போனதில்லை, ஒரு நாள் உபவாசக் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. இயேசுவைப் பார்க்க ஏறிய காட்டத்தி மரத்திலிருந்து இறங்கினார், அவரை வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கேயே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றார். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கொஞ்சம் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கலாமே? மரத்தில் ஏறி இறங்கிய களைப்பில் பேசிவிட்டார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அப்படி உணர்ச்சிவசப்படுகிறவர் அல்ல. அப்பா இறந்தபின் தம்பியின் பங்குத் தென்னந்தோப்புக்கும் பட்டா உங்கள் பெயரில் மாறியது. அவர் தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வேகிறார். தோப்பைக் கேட்டு வரும்போதெல்லாம் முழங்கால் போட்டு அவருக்காக ஜெபித்து, பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து அனுப்புகிறீர்கள். கர்த்தர் இன்னும் என்னோடு பேசவில்லை என்பது உங்கள் பதில். பேரன் பிறந்தபோது பேசினார், புதுக் கார் எடுத்தபோது எந்த நிறம் என்பது வரை பேசினார். தோப்பு விஷயத்தில் மட்டும் ஏனோ மௌனம். அந்த மௌனத்திலும் தேங்காய் வெட்டு தவறாமல் நடக்கிறது, அதில் தசமபாகமும் தவறாமல் காணிக்கைப் பெட்டியில் விழுகிறது. திருடியதில்கூடக் கர்த்தரின் பங்கை மறக்காதவர் என்று பொறாமைக்காரர்கள் பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சி நேரத்தை முழுக்க உங்களுக்கே ஒதுக்கச் சொல்லி ஐயரவர்களிடம் கேட்டிருக்கிறேன். தம்பியும் பிள்ளைகளோடு வருகிறாராம். தோப்புப் பத்திரத்தை வேதாகம உறைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுங்கள் அண்ணாச்சி. புத்தாண்டு லீவு முடிந்ததும் பத்திரப்பதிவு ஆபீஸ் திறந்துவிடும்.