பச்சைப் புள்ளியும் பட்டுப்புழுவும்

கே: முட்டை கலந்த கேக்கைத் தொடாத என் மாமியார், சாயங்காலமானால் கொசு மட்டையை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பொரித்துத் தள்ளுகிறார். இது எந்த வகைச் சைவம்?

ப: பொரித்ததைச் சாப்பிடாத வகை. கிண்டல் இருக்கட்டும், கொசு விஷயத்தில் உங்கள் மாமியாரை நான் விட்டுவிடுவேன். டெங்கு பரப்பும் ஜீவனோடு பஞ்சாயத்து பேச வழியில்லை. தற்காப்பு என்பது மனிதக் கொலையிலேயே செல்லுபடியாகும் வாதம். மடக்க வேண்டிய இடம் அவர் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் காஞ்சிப் பட்டு. நம்மிடையே சைவம் பெரும்பாலும் வாய்க்கான விதியாக இருக்கிறது. எது உள்ளே போனது என்று பார்க்கும், எது செத்தது என்று பார்க்காது. வள்ளுவர் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரத்திலும் கொல்லாமையை 33ஆம் அதிகாரத்திலும் தனித்தனியாக வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் தின்ன ஆளில்லை என்றால் விற்கவும் ஆளிருக்காது என்ற சந்தைக் கணக்கை அந்த இரண்டில் முந்தையதிலேயே போட்டுவிட்டார். கத்தி பிடித்த கையோடு காசு கொடுத்த கையும் கூண்டில் ஏற வேண்டும் என்றாகிறது. அது சரியென்றால் அடுப்படிக்கு மட்டும் சரியாக இருக்க முடியாது, பீரோவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் பொருந்த வேண்டும். நம் காசுக்காக எந்த உயிர் என்ன பாடுபட்டது, அதைத் தவிர்த்திருக்க முடியுமா என்று கேளுங்கள். கொசுவின் வழக்கு இந்தக் கேள்வியில் தள்ளுபடியாகும். பட்டுப்புழுவின் வழக்கு நிற்கும்.

ஒரு பட்டுக்கூட்டில் ஒரே இழையாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல் இருக்கிறது. உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகி வெளியேறினால் கூட்டில் ஓட்டை விழுந்து இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே ஆவியிலோ சூடான காற்றிலோ அதைக் கொன்றுவிட்டு, வெந்நீரில் கூட்டைப் போட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கூடுகள் வேண்டும். முட்டை அவித்த பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிவைக்கும் வீடுகளில், புழுவை அவித்து எடுத்த இந்தச் சேலைதான் பூஜைக்கு மடி! பூச்சியை வெளியேறவிட்ட பிறகு கூட்டை நூற்கும் ‘அகிம்சைப் பட்டு’ என்ற முறையை அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் குசுமா ராஜையா பிரபலமாக்கினார். நல்ல முயற்சி, பாராட்ட வேண்டும். ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ப்பில் அந்தப் பூச்சிக்குப் பறக்கும் திறன் போய்விட்டது. சில நாளில் செத்துவிடும். அதற்குள் அது இடும் சில நூறு முட்டைகளிலிருந்து வரும் அத்தனை புழுவுக்கும் யார் முசுக்கொட்டை இலை போடுவது? பருத்திச் சேலையில் இந்தச் சிக்கல் ரொம்பக் குறைவு. பூச்சிமருந்து என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கும் வருகிறேன்.

கே: பச்சைப் புள்ளி போட்டதைப் பார்த்து வாங்கினால் போதாதா?

ப: அந்தப் புள்ளிக்கான விதியைப் படித்துப் பாருங்கள். விலங்கிலிருந்து வந்த எதுவும் அசைவம் என்று கறாராகத் தொடங்கும். பிறகு பால், பால் பொருள், தேன், தேன்மெழுகு, அரக்கு நீங்கலாக என்று இறங்கி வரும். கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் சேர்ந்தால் அசைவம். அரக்குப் பூச்சி சுரந்த பிசின் மிட்டாய்க்குப் பளபளப்பு தந்தால் சைவம். அந்தப் பிசினைக் குச்சியோடு வெட்டிச் சுரண்டும்போது பூச்சிகள் சாவது புள்ளிக்குத் தெரியாது. வாங்குபவர் எதைக் கேட்டாரோ அதற்குத்தான் அது பதில் சொல்கிறது.

கே: பசு தானாகச் சுரக்கிறது, நாம் கறக்கிறோம். பாலில் என்ன பாவம்?

ப: பசு தானாகச் சுரப்பதில்லை. கன்று போட்டால்தான் சுரக்கும், போடுவதில் பாதி காளைக்கன்று. ஏரும் வண்டியும் இருந்தவரை அதற்கு வேலை இருந்தது. டிராக்டரும் சினை ஊசியும் வந்தபின் அது வெறும் தீவனச் செலவு. கறவை நின்ற மாடும் அப்படித்தான். இரண்டுக்கும் தமிழில் ஒரு விலை உண்டு: அடிமாட்டு விலை. உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் இந்தியா, மாட்டிறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்பது தற்செயல் அல்ல. ஏற்றுமதியாவது எருமைக் கறி, நாம் எருமை வளர்ப்பதோ பாலுக்காக. ஆக, காபி குடிப்பவரும் கறி தின்பவரும் ஒரே மாட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், பழி மட்டும் ஒருவர் தலையில். இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் வாயில் மண் போடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நாளைக்கே பாலை நிறுத்து என்பது என் வாதமும் அல்ல. பெரும்பாலும் கிடாரிக் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்து வந்துவிட்டது, அதைப் பரப்பலாம். வற்றிய மாட்டைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றும் செலவைப் பால் விலையில் ஏற்றலாம். ஏற்றினால் முதலில் கொடி பிடிக்கப்போவது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கே: பூச்சிக்கு வலிக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி?

ப: முடிந்த முடிவாக இல்லை. ஆனால் சந்தேகத்தின் பலனைக் கேட்கும் அளவுக்கு இருக்கிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் குழு 2022ல் வெளியிட்ட ஆய்வில், பம்பிள் தேனீக்கள் எந்தக் கூலியும் இல்லாமல் சின்ன மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டின. விளையாட்டு என்பதைத் தவிர வேறு பெயர் சொல்வது கடினம். அதே ஆண்டின் இன்னொரு ஆய்வில், சூடான தட்டை ஒதுக்கிய தேனீக்கள், அங்கே இனிப்பு கூடுதலாக இருந்தபோது சூட்டைப் பொறுத்துக்கொண்டன. வெறும் அனிச்சைச் செயல் இப்படி லாப நஷ்டம் பார்க்காது. 2022லேயே பிரிட்டன் தன் விலங்கு உணர்வுச் சட்டத்துக்குள் நண்டையும் ஆக்டோபஸையும் சேர்த்தது, தேனீயை வெளியே நிறுத்தியது. நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர் என்று ஒரே பெஞ்சில் உட்காரவைத்த தொல்காப்பியரை லண்டனில் யாரும் கலந்தாலோசிக்கவில்லை போலும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவாக வந்த நம் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, மனிதரைத் தவிர எந்த உயிரும் விலங்கு என்கிறது. கொசுவும் உள்ளே! முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய் என்பதால் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

கே: செடிக்கும் உணர்வு உண்டு என்று ஜகதீஷ் சந்திர போஸ் காட்டிவிட்டார். வயலில் எலியும் சாகிறது. பிறகு ஆட்டை மட்டும் ஏன் விட வேண்டும்?

ப: போஸ் காட்டியது, தூண்டினால் செடி எதிர்வினை செய்கிறது என்பதை. வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோழி காற்றைத் தின்று வளரவில்லையே? ஒரு கிலோ கறிக்கு அதைவிட அதிக எடையில் மக்காச்சோளமும் சோயாவும் உள்ளே போக வேண்டும். செடிக்காக இரங்குபவர் முதலில் விட வேண்டியது கறியை. எலி வாதம் இதைவிடக் கனமானது. உழவிலும் அறுவடையிலும் சாகும் சிற்றுயிர்களை எண்ணினால், புல் மேய்ந்த மாட்டைத் தின்பதில்தான் சாவு குறைவு என்று ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டேவிஸ் 2003ல் எழுதினார். அதே ஆண்டில் கேவரிக் மெத்தனி அதில் ஓட்டையைக் காட்டினார். டேவிஸ் ஏக்கருக்கு எத்தனை சாவு என்று பார்த்தாரே தவிர, அந்த ஏக்கர் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று பார்க்கவில்லை. அதையும் சேர்த்தால் முடிவு தலைகீழாகிவிடுகிறது. ஆனாலும் எலிக்கு வைத்த விஷமும் பயிருக்கு அடித்த மருந்தும் பூஜ்யமாகிவிடாது. தயிர்சாதத்துக்குப் பின்னாலும், நான் சிபாரிசு செய்த பருத்திக்குப் பின்னாலும் அவை இருக்கின்றன. குறைக்கத்தான் முடியும். அடியோடு ஒழிக்க முடியாது என்பது குறைக்காமல் இருக்கக் காரணமாகாது.

கே: சைவர்களும் சுத்தமில்லை என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் அல்லவா?

ப: பக்கத்து வீட்டுக்காரர் கடனாளி என்பதால் உங்கள் வட்டி தள்ளுபடியாகாது. பிராய்லர் கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் வெட்டுக்குத் தயார். காலால் தாங்க முடியாத வேகத்தில் உடம்பு போடும்படி பொறுக்கி எடுத்த இனம். ஆடு கொழுப்பு என்று கோழிக்கு மாறியவர், ஓர் ஆடு தரும் கறிக்கு ஏழெட்டுக் கோழியையாவது சாகவைக்கிறார். முட்டைக் கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் லாபமில்லை. அதைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவது பல நாடுகளில் வழக்கம், ஜெர்மனி 2022 முதல் தடை செய்தது. கருவுறாத முட்டை சைவம் என்பவர்கள் முட்டையை விட்டுவிட்டு அதன் தாய்மாமன்களை விசாரிக்கட்டும். உங்களால் என்ன ஆகும் என்று சந்தேகமிருந்தால் புரட்டாசியைப் பாருங்கள்: தின்பவர் குறைய, கறிக்கோழி விலை இறங்குகிறது, பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள். அந்த ஒரு மாதம் பெருமாளுக்காக விட்டுக்கொடுப்பவர்கள், மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் கோழிக்காகவே விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.