நாற்காலித் துண்டும் செல்வாக்கும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

அலுவலகத்தில் ஒருவர் சொல்லை மற்றவர் ஏன் கேட்கிறார் என்னும் வினாவுக்கு அறிஞர் பலர் விடை கண்டுள்ளனர். மாக்ஸ் வேபர் மரபு, வசீகரம், சட்டம் என மூன்று காரணம் சொன்னார். 1959இல் பிரெஞ்சும் ரேவனும் ஐந்து என்றனர். (மூன்று ஐந்தானால் இரண்டு இயல் கூடும், இயல் கூடினால் பதவி உயர்வு வரும், பதவி வந்தபின் செல்வாக்கை ஆராயும் தேவை தீர்ந்துவிடும்.) டெலிபோன் கம்பெனித் தலைவராயிருந்த செஸ்டர் பர்னார்டு, ஆணைக்கு உயிர் கொடுப்பவர் அதை இடுபவரல்லர், ஏற்பவரே என்று 1938இலேயே எழுதிவிட்டார். ஆயினும் இவருள் எவரும் நாற்காலித் துண்டைக் கவனித்திலர். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம்: தமிழ்நாட்டு அரசு அலுவலகம். நேரம்: காலை 10 முதல் மாலை 5.45 வரை, டீ நேரம் நீங்கலாக.

பதவிக்கு அடையாளங்கள் மூன்று. அழைப்பு மணி: அடித்தால் கேட்கும், ஆள் வருவது வேறு விஷயம். தலைக்கு நேர்மேலே மின்விசிறி: சுற்றும். மூன்றாவது, தேங்காய்ப்பூத் துண்டு.

இது அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளை வெளேரென்று விரிக்கப்படுவது. வியர்வைக்காக என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? மிகுதியாக வியர்ப்பவர் பதிவறையில் கட்டுத் தூக்குபவர். அவருடைய முக்காலிக்குத் துண்டில்லை. தலை எண்ணெய் படியாதிருக்க என்பாரும் உளர். முழு வழுக்கையான அதிகாரிக்கும் துண்டு உண்டாதலின் அதுவும் அடிபட்டது (வாய்மொழி, கண்காணிப்பாளர் ஒருவர்). எஞ்சுவது இடம்பிடிப்புக் கொள்கை. பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு, இன்னும் ஏறாதவருக்கு இடம் பிடிப்பது நம் மரபு. அதிகாரி ‘கேம்ப்’ போன நாள்களில் அலுவலகத்தை நடத்துவதும் துண்டே (வாய்மொழி, அதே கண்காணிப்பாளர், மதியச் சாப்பாட்டுக்குப் பின், இரண்டாம் கொட்டாவிக்கும் மூன்றாம் கொட்டாவிக்கும் இடையில்). மனுக் கொடுக்க வந்த பெரியவர் துண்டையே கும்பிட்டுவிட்டுத் திரும்பியதாகவும் ஒரு பாடம் உண்டு (பீரோ மேல்தட்டில் கிடைத்த காலண்டரின் பின்பக்கம், பென்சில் எழுத்து, வடைக் கறைக்கு இடப்புறம்; கறைக்கு அடியிலுள்ளது இடைச்செருகல் என்பார் ஒரு பேராசிரியர், கறைதான் மூலபாடம் என்பார் அவர் மாணவர்; மாணவருக்கு இன்னும் பட்டம் வரவில்லை).

இனிச் செல்வாக்கு. இதை அளக்க ‘ஐந்தே முக்கால் சோதனை’ ஒன்று போதும். பைகள் தோளில் ஏறியாயிற்று. சட்டமன்றக் கேள்வி ஒன்றுக்கு உடனே பதில் வேண்டுமென மேலிடத்துப் போன். அதிகாரி சொன்னால் இருப்பார்கள்; ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின் கீழ் வரும் குற்றச்சாட்டு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. “தேடிக்கிட்டிருக்கோம் சார்” என்பார்கள். தேடுவார்கள். தேடிக்கொண்டே இருப்பார்கள்.

பதிவறை அம்மா, “கண்ணு, ஒரு அரை மணி நேரம். நானும் இருக்கேன்” என்றால் பைகள் மேசைக்கு இறங்கும், கோப்பு கைக்கு வந்துவிடும்.

காரணம் ஆராயப்பட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் தபால் எண்ணைத் தப்பாகப் போட்டபோது, மேலே போட்டுக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தந்தவர் அவர். எந்த வருடத்துக் கட்டு எங்கே என்று பத்தாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காதவர். தெரியாததைத் தெரியாது என்பவர். யார் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்று கேட்டு வைத்துக்கொண்டு, தன் லீவை மாற்றிப் போடுபவர். ‘நானும் இருக்கேன்’ என்றால் இருப்பவர். இவற்றுள் எதற்கும் அரசாணை இல்லை.

துண்டுடையாருள்ளும் செல்வாக்குடையார் உளர், அரியர். அத்தகைய ஒருவர், தம் பிரிவு செய்த தவறுக்கு ஆய்வுக் கூட்டத்தில், “கையெழுத்து என்னோடது, நான்தான் பார்த்திருக்கணும்” என்று தாமே ஏற்றார். மறுநாளிலிருந்து அவர் கேட்குமுன்பே கோப்புகள் வந்தன. துண்டு எங்கே என வினவியதற்கு, “துவைக்கப் போட்டது, அப்படியே மறந்துட்டேன்” என்றார்.

இம்முடிவுகளை மறுக்க விழைவோர் மாலை 5.45க்கு மேல் நேரில் வரவும். தம் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரையாவது, மெமோ கொடுக்காமல், உடன் அழைத்து வந்தால் மறுப்பு அப்படியே ஏற்கப்படும்.