கட்டிலுக்கடியில் ஒரு கவர்னர்

கடலோடு, பிரிட்டிஷ் கடற்படைக்காரர் வில்லியம் பிளைக்குத் தகராறே கிடையாது. 1789-இல் அவருடைய ‘பவுன்டி’ கப்பலின் மாலுமிகள் கலகம் செய்து, சீமைப்பலாக் கன்றுகளோடு போய்க்கொண்டிருந்தவரை, 18 பேரோடு ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். வரைபடம்கூட இல்லாமல் 47 நாளில் டிமோர் போய்ச் சேர்ந்தார், மகாராஜன். தகராறெல்லாம் மனிதர்களோடுதான். 1805-இல், கீழதிகாரியை வாய்க்கு வந்தபடி ஏசியதற்காகக் கடற்படை நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. இப்பேர்ப்பட்ட இங்கிதக்காரரை எங்கே அனுப்பலாம்? மறு வருஷமே ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கவர்னர்!

அங்கே ரம்தான் காசு, கூலியே அதில்தான். வியாபாரமோ பட்டாள அதிகாரிகள் கையில். பிளை அதில் கைவைத்தார். (நியாயம்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?) 1808 ஜனவரி 26 மாலை, பட்டாளம் கலகம் செய்து, அவரைக் கைது செய்ய, வாத்தியம் முழங்க கவர்னர் மாளிகைக்கே வந்துவிட்டது. மகள் குடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் மறித்தாராம். அப்பாவைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுப்பதாகச் சிட்னியில் படமே வரைந்து வைத்தார்கள். அவரோ, காகிதங்களை மறைத்துக்கொண்டிருந்தேன் என்றார். கோப்பு முக்கியமல்லவா!

1811-இல் லண்டன் விசாரித்தது. பட்டாளத்தை நடத்தி வந்த கலகக்கார மேஜருக்கு வேலை போயிற்று. பிளைக்கு ரியர் அட்மிரல் பதவி.