மூக்கை நுழைச்சாத்தான் பொழப்பு

வா மாப்ள, இப்படித் திண்ணையில குந்து. டை கட்டிக்கிட்டு, நீளக் கால் வச்ச கிளாஸைக் கையில புடிச்சிக்கிட்டு நீ நிக்கிற போட்டோவை உங்கம்மா அனுப்பியிருந்தா. ஒயின் வியாபாரத்துல எறங்கிட்டியாம். போன்ல பாதி அழுகை, பாதி பெருமை. "வீட்டு வாசல்லயே இன்ஜினியரிங் காலேஜ் இருக்குன்னு படிக்க வச்சன், இப்போ சரக்கு விக்கப் போறேங்கிறான்ண்ணா"ன்னா. "அது சரக்கு இல்லம்மா, ஒயினு. சரக்கைக் குடிச்சிட்டு விழணும், ஒயினைத் துப்பிட்டு நிக்கணும்"னு சமாதானம் சொல்லி வச்சிருக்கன். அடுத்த தடவை நீயே சொல்லிக்க.

மொதல்ல ஒண்ணு. இந்தக் கரையில ஒயின் வித்த மொத ஆளு நாந்தான்னு நெனைச்சிக்காத. புதுச்சேரி டவுனுக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆத்தோரம் அரிக்கமேடு இருக்கே, அதை 1945ல மார்டிமர் வீலர்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டினாரு. ரெண்டு காது வச்ச, அடி கூம்பின ஜாடியோட ஓடுங்க வந்துச்சி. ஆம்போரான்னு பேரு. கசியாம இருக்க உள்பக்கம் கீல் பூசியிருப்பான். அதுல நெறைய கிரேக்கத்துக் கோஸ் தீவு ஜாடி. அந்தத் தீவு ஒயினுக்கு ஒரு விசேஷம், அதுல கடல்தண்ணி கலப்பான். கலப்படம்னு கேஸ் போட முடியாது, அதுதான் அந்தச் சரக்கோட லட்சணமே. ரோமாபுரியில கேட்டோன்னு ஒரு பெரிய மனுஷர் எவ்வளவு கடல்தண்ணி, எத்தனை நாள் வைக்கணும்னு செய்முறையே எழுதி வச்சிருக்காரு. அத்தனை கடலையும் தாண்டி வந்து, கடலோரத்துல இருக்கறவனுக்குக் கடல்தண்ணியை வித்தான் பாரு, அவன் வியாபாரி! நில்லு, இன்னும் இருக்கு. சில ஜாடியில ஒயினே இல்ல, 'கரும்'. மீனையும் உப்பையும் போட்டு வெயில்ல ஊற வச்சி எறக்கின சாறு. மீன்கார ஊருக்கே மீன் சாறு! இதெல்லாம் இங்க வந்து தங்கின யவனனுக்காக வந்த சரக்குன்னும் சொல்றாங்க. இருக்கட்டும். நம்மாளு ஒரு வாய் கேக்காமயா இருந்திருப்பான்? யவனர் கொண்டாந்த தேறலைப் பாண்டிய ராஜா பொன் கிண்ணத்துல குடிச்சாருன்னு புறநானூத்துலயே இருக்கு. ராஜா காசு குடுத்தாரா கடன் சொன்னாரான்னுதான் புலவர் எழுதாம விட்டுட்டாரு.

இப்போ உன் மூக்குக்கு வருவோம். கிளாஸைச் சுத்தற, மூக்கை உள்ள விடற, கண்ணை மூடற, "செர்ரி, புகையிலை, பழைய தோல்"ங்கிற. செர்ரியை நீ எங்கடா பார்த்த? பேக்கரி கேக்கு மேல குந்திக்கிட்டு இருக்கறது சாயம் போட்டுப் பாகுல ஊறின களாக்காய். நாவல்பழம்னு சொல்லு, ஈச்சம்பழம்னு சொல்லு, மழையில நனைஞ்ச பனையோலைன்னு சொல்லு. வர்றவனுக்கும் புரியும், உனக்கும் பொய் சொன்ன பாவம் கொறையும்.

மூக்கு ரொம்பப் படிச்சிட்டா என்னாகும்னு கேளு. போர்தோ பல்கலைக்கழகத்துல பிரெடெரிக் புரோஷேன்னு ஒருத்தர், ஒயின் சாஸ்திரம் படிக்கிற 54 பசங்களுக்கு வெள்ளை ஒயின்ல மணம் இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்தாரு. அத்தனையும் சிவப்பு ஒயினுக்கு எழுதற பழத்தையும் மசாலாவையும் வரிசையா எழுதி வச்சிதுங்க. ஆராய்ச்சி 2001ல அச்சுல வந்துச்சி. நீ சாயம் எல்லாம் கலக்காத, அதுக்கு உள்ள தள்ளிடுவான். லேபிளை மட்டும் மூடு.

லேபிளை மூடறதும் என் யோசனை இல்ல, உன் ஜாதி வியாபாரி ஒருத்தரோடது. பாரிசுல ஒயின் கடை வச்சிருந்த இங்கிலாந்துக்காரர், ஸ்டீவன் ஸ்பரியர். 1976 மே 24ஆம் தேதி பிரான்சுல பேர் பெத்த மூக்குங்களை எல்லாம் கூப்பிட்டு வரிசையா உக்கார வச்சாரு. பிரெஞ்சு ஒயினும் கலிபோர்னியா ஒயினும் பேர் தெரியாம மாத்தி மாத்திப் போச்சி. கூட்டிப் பார்த்தா வெள்ளையிலயும் கலிபோர்னியா மொதல், சிவப்பிலயும் கலிபோர்னியா மொதல். ஒரு அம்மா, போட்ட மார்க்கைத் திருப்பிக் குடுன்னு மல்லுக்கு நின்னாங்களாம். ஸ்பரியரைப் பிரெஞ்சுக்காரங்க கொஞ்ச நாள் மொறைச்சாங்க, அவரு பேரு ஒலகம் பூரா போச்சி. எங்க அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து பிரான்சு பென்ஷன் வாங்கறவரு, இன்னிக்கும் இந்தக் கதையை எடுத்தா எழுந்து போயிடுவாரு. அதுக்காகவே நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பன்.

டேஸ்டிங்கு டேஸ்டிங்குன்னு பறக்கிறியே, நம்ம ஊர்ப் பொம்பளைங்க மீன் வாங்கறதை நின்னு பார்த்திருக்கியா? செவுளைத் தூக்கி நெறம் பார்ப்பாங்க. மோந்து பார்ப்பாங்க. வயித்துல ஒரு அமுக்கு. அப்புறம் ஒண்ணும் சொல்லாம மொகத்தைச் சுளிச்சி விலையைப் பாதியா கேப்பாங்க. உனக்கு இதுக்கு மேல ஒரு டிப்ளமோவும் வேணாம்.

நாசிக் போய்ட்டு வந்த படத்தைக் காட்டின. சூலா தோட்டத்துல பீப்பாய் பக்கத்துல ஒண்ணு, தொட்டி பக்கத்துல ஒண்ணு, கிளாஸோட நாலு. ராஜீவ் சமந்த் அமெரிக்கா வேலையை விட்டுட்டு வந்து நட்ட தோட்டம். 2000ல மொத ஒயின் வந்துச்சி, 2005ல ருசி பார்க்கக் கூடம் தொறந்தாரு, இப்போ திருவிழாக் கூட்டம். கொடியைப் பத்தி ஒரு கேள்வி கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. ஐரோப்பாவுல பனி வந்தா திராட்சைக் கொடி தூங்கிடும். நம்ம வெயில் அதைத் தூங்க விடாது. அதனால வருஷத்துல ரெண்டு தரம் கவாத்து. கோடையில ஒண்ணு, கொடிக்குத் தெம்பு வர. மழை ஓயற செப்டம்பர், அக்டோபர்ல ஒண்ணு, காய்க்க. அறுவடை ஜனவரியிலேர்ந்து மார்ச்சு வரைக்கும். பிரான்சுக்காரன் செப்டம்பர்ல அறுக்கறான், நாம பொங்கல் தாண்டி அறுக்கறோம். போனா அப்போ போ.

அம்மாந்தூரம் போறதுக்கு முன்னாடி பெங்களூர் தாண்டி நந்தி மலை அடிவாரம் போயிருக்கலாம். தொட்டபள்ளாபூர்ல கன்வல் குரோவர் 1988ல பிரெஞ்சுக் கொடிங்களை வச்சி ஆரம்பிச்சாரு, போர்தோவிலேர்ந்து மிஷேல் ரோலான்னு ஒரு ஒயின் நிபுணரை யோசனைக்குக் கூட்டியாந்தாரு. அவங்க 'லா ரிசர்வ்' சிவப்புதான் எங்க அண்ணன் மூடி மறைச்சிக் குடுத்தப்போ பிரான்சுன்னு நெனைச்சிக் குடிச்சது. நான் சொன்னதா சொல்லிடாத. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையையும் விட்டுடாத. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருத்தர் கொண்டாந்து வச்சதுன்னு சொல்லுவாங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. சாறு பிழிஞ்சாலே அந்த வாசனைக்கு ரெண்டு தெரு திரும்பிப் பார்க்கும். பணக்கார நாக்கு அதை மதிக்காது. மதிக்கட்டும்னு நீ ஏன் காத்திருக்கணும்?

சரக்கைப் பார்த்து வை. ஒயினுக்கு 12, 15 டிகிரி வேணும். நம்ம ஊர் மே மாசம் 40ஐத் தொடுது. ஈசிஆர் ரோட்டுல ஒரு கடையில பார்த்தன், ஜன்னலோரம் வெயில்ல பாட்டிலை நிக்க வச்சி அழகு பார்க்கறான். நிக்க வச்சா தக்கை காய்ஞ்சி காத்து பூந்துடும், வெயில்ல உள்ள இருக்கறது வெந்துடும். அதைக் குடிச்சிட்டு ஒரு டூரிஸ்ட் "ரொம்ப முதிர்ச்சி"ன்னு தலையாட்டறான். தக்கை பாட்டிலைப் படுக்க வை, திருகு மூடின்னா கவலை இல்ல.

அப்புறம், நம்ம பிள்ளைச்சாவடிக் கடற்கரையில சாயங்கால டேஸ்டிங்குன்னு நோட்டீஸ் அடிச்சிருக்கியாமே. கடற்கரை எங்கடா கீது? தெற்கே துறைமுகத்துக்கு 1980கள்ல கல்லு கொட்டினாங்க, வடக்கே வர்ற மணலு நின்னுபோச்சி, கடல் நம்ம கரையை அரிச்சி வீட்டையும் தின்னுது. தடுப்புக்குப் போட்ட கருங்கல்லு மேலயா மேஜை போடுவ? சரக்கு எப்படி வரும்? டவுன்ல வாங்கின பாட்டில் இங்க வரணும்னா நடுவுல கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம். ரெண்டு பக்கமும் புதுச்சேரி, நடு ரோடு தமிழ்நாடு, அங்க புதுச்சேரி பாட்டிலுக்குக் கெடுபிடி. ரோமாபுரிக்காரன் எதுக்குக் கடல் வழியா வந்தான்னு இப்போ புரியுதா?

என் நாக்கைக் கேட்டா, வஞ்சிரம் வறுவலுக்கு நாசிக் செனின் பிளாங்க், நல்லாக் குளிர வச்சி. நெத்திலிக்கு சாவிஞ்ஞோன் பிளாங்க். ஆட்டுக்கறிக்கு ஷிராஸ். கருவாட்டுக் கொழம்புக்கு எதையும் ஊத்தாத, கொழம்பும் கெடும், ஒயினும் கெடும்.

வெளிநாட்டு பாட்டில்னா இத்தனை வருஷமா நூத்துக்கு நூத்தம்பது சுங்கவரி ஏறி வந்திருக்கு, அதையும் மறைக்காம சொல்லு. விலையை மொதல்ல சொல்லு, வாசனையை அப்புறம் சொல்லு. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அரசாங்கமே ஏலம் விடற ஊரு இது. உன் கடைக்கு வர்றவன் கேக்கப்போற மொத கேள்வி 'எவ்ளோ?'தான்.